இழை அறுந்தால் துகள் பிறக்குமா? ஓர் உவமையை மதிப்பிடுவோம்

ஆசிரியர்களே, தேர்வெழுதும் மாணவர்களே, கருத்துணர்தலில் அறிவியல் பத்தி வந்தால் உவமையையே உண்மைன்னு நினைத்து எழுதிவிடுகிறோம். அதற்குப் பயிற்சியாக இயற்பியலில் புகழ்பெற்ற ஓர் உவமையைத் திறனாய்வு செய்து பார்ப்போமா?

எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதி அழியும்போது ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் பிறந்து எதிரெதிரே ஓடலாம். ஆனால், கருவியில் தனிக் குவார்க் பதிவாவதே இல்லை. பையான், கேயான், புரோட்டான் போன்ற ஹாட்ரான்கள்தான் கொத்துக் கொத்தாகப் பதிவாகின்றன. இடையில் என்ன நடக்குது? அடிப்படைக் கோட்பாடு கையில் இருந்தும் இந்தக் கட்டத்தை நேரடியாகக் கணக்கிட முடிவதில்லை. அதனால்தான் மாதிரி தேவைப்படுகிறது.

சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகக் குழு சொன்ன விளக்கம் இது: இரண்டு குவார்க்குகளுக்கும் நடுவே ஓர் இழை இருக்கிறது. விலக விலக அதில் ஆற்றல் சேர்கிறது. பிறகு அறுகிறது. அறுந்த முனைகளில் புதிய குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் தோன்றுவதால் எதுவும் தனியாக நிற்பதில்லை.

இதை விளக்க ரப்பர் பட்டையைச் சொல்வார்கள். பாதிதான் பொருந்தும். ரப்பரை இழுக்க இழுக்க விசை கூடும். இந்த இழையிலோ விசை மாறாது, ஏறத்தாழ 16 டன் எடைக்குச் சமம். ரப்பர் அறுந்தால் முனை வெறுமையாகத் தொங்கும், இங்கே அப்படி இல்லை.

சரி, இழை வெறும் அலங்காரமா? இல்லை. 1979இல் ஹாம்பர்க்கின் பெட்ரா முடுக்கியில் மூன்று தாரைகள் கொண்ட நிகழ்வுகள் தெரிந்தன. மூன்றாவது தாரை குளுவானுடையது. இழை குவார்க்கிலிருந்து குளுவான் வழியாக எதிர்க்குவார்க்குக்குப் போகிறது என்றால், குவார்க்குக்கும் எதிர்க்குவார்க்குக்கும் நேர் நடுவே துகள்கள் குறைய வேண்டும். அங்கிருந்த ஜேட் குழுவின் அளவீட்டில் அப்படித்தான் குறைந்திருந்தது. தாரைகள் தனித்தனியாகச் சிதைகின்றன என்ற மாதிரியால் அதை விளக்க முடியவில்லை.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். இழை அறும்போது 'ஸ்ட்ரேஞ்ச்' வகைக் குவார்க் எவ்வளவு அரிதாகத் தோன்றும்? லேசான வகை ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டால் சுமார் 0.3 மடங்கு. இந்த எண் மாதிரிக்குள்ளிருந்து வரவில்லை, அளவீட்டுக்கு ஏற்பத் திருகி வைத்தது. இப்படிப் பல திருகுகள் உண்டு. மேலும், 'ஹெர்விக்' நிரல் துகள் கொத்துகள் என்ற வேறொரு படத்தை வைத்துக்கொண்டே பெரும்பாலான அளவீடுகளுக்குப் பொருந்துகிறது. ஆக, பொருந்துவது மட்டுமே இழை நிஜம் என்பதற்குச் சான்றாகாது.

என் மதிப்பீடு: நல்ல உவமை, ஆனால் உண்மையின் நகல் அல்ல. தப்பாகிப் போகக்கூடிய ஒன்றை முன்கூட்டியே சொன்னதே அதன் பலம்.

மாணவர்களே, அடுத்த முறை அறிவியல் பத்தியில் உவமை வந்தால் மூன்று கேள்வி கேளுங்க: எது பொருந்துகிறது? எங்கே பொருந்தவில்லை? எதை வைத்துச் சோதித்தார்கள்? மூன்றுக்கும் பத்தியிலிருந்தே சான்று காட்டி எழுதுங்கள்.