குறிப்பிடமும் நாட்குறிப்பும்

கத்தோலிக்கப் புத்தகங்கள் இரண்டு வகை. ஒன்று விசுவாசத்தைச் சொல்வது, மற்றது திருச்சபையின் வரலாற்றைச் சொல்வது. ஏனாத்தூரில் எங்கள் வீட்டில் தறிக்குழிக்கு எதிரே இருந்த பலகையில் முதல் வகை மட்டும்தான் இருந்தது: சின்னக் குறிப்பிடம், பூசைப் புத்தகம், புனிதர் சரித்திரம் ஒன்றிரண்டு. இரண்டாவது வகையை முப்பது வயசுக்கு மேல், இயக்கத் தோழர்களோடு சண்டை போடுவதற்காகத் தேடிப் படித்தேன். ‘சாதி வெளியிலேர்ந்து வந்த வியாதி, அதுக்கும் சபைக்கும் சம்பந்தமில்ல’ என்பது என் வாதம். ‘எல்லா மதமும் ஒண்ணுதான் தோழர்’ என்பது அவர்கள் வாதம். படித்த பிறகு என் வாதம் நிற்கவில்லை. அவர்களுடையதும் நிற்கவில்லை என்பதையே இங்கே சொல்ல வருகிறேன்.

வரலாற்றுப் புத்தகங்களின் நாயகர் ராபர்ட் தெ நோபிலி, 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியர். காவி உடுத்தார், பூணூல் போட்டார், மாமிசம் விட்டார், தத்துவ போதகர் ஆனார். பெரிய சர்ச்சைக்குப் பிறகு 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றைச் சில நிபந்தனைகளோடு அனுமதித்தார். இவை சமய அடையாளங்கள் அல்ல, குடிமை வழக்கங்கள் என்பதே நோபிலியின் வாதம். இதைப் பண்பாட்டுத் தழுவல் என்று புத்தகங்கள் கொண்டாடுகின்றன. சரி, யாருடைய பண்பாடு? இந்தக் கேள்வியைப் போட்டதும் பிரதி தடுமாறுகிறது. ‘குடிமை வழக்கம்’ என்ற ஒரு சொல்லாடலில் சாதி மதத்திலிருந்து கழன்று, விசுவாசத்தின் விசாரணைக்கு அகப்படாத இடத்துக்குப் போய்விடுகிறது. குறிப்பிடம் அதைத் தொட முடியாது, பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்ல வேண்டியதில்லை. 1640 முதல் மற்றச் சாதிகளுக்கெனப் பண்டாரசாமிகள் வந்தார்கள். குருக்களே சாதிவாரியாகப் பிரிந்தார்கள்.

இதை உள்ளிருந்தே எதிர்த்தவர்களும் உண்டு. 1703இல் ரோமாபுரியின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், 1704இல் சாகக் கிடக்கிற பறையரின் வீட்டுக்கே குரு போய்த் தேவதிரவிய அனுமானம் கொடுக்க வேண்டும் என்று ஆணையிட்டார். நாற்பது வருஷ வழக்குக்குப் பின் 1744இல் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் இறுதித் தீர்ப்பு எழுதினார். சடங்குகள் பலவற்றைத் தடை செய்த அதே ஆவணம், பறையருக்கென்று தனிக் குருக்களை நியமிக்கிற ஏற்பாட்டை ஒப்புக்கொண்டது. நோயாளியின் வீட்டு வாசலை மிதிக்க ஆள் கிடைத்தது. மிதிக்காதவர்களுக்கு விலக்கும் கிடைத்தது.

அடுத்த வருஷம் என்ன நடந்தது என்று சொல்வது ஒரு வைணவரின் ஏடு. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1745இல் தம் நாட்குறிப்பில் எழுதுகிறார்: கோயிலுக்குள்ளே ஒரு சுவர், பறையர் ஒருபக்கம், மற்றவர்கள் ஒருபக்கம். பறையர்கள் பெரிய சாமியாரிடம் போய் முறையிடுகிறார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள்தான் என்றால் எல்லாரையும் ஒன்றாகத்தானே வைக்க வேண்டும் என்பது முறையீட்டின் சாரம். சுவர் இடிபடுகிறது. சாதிக் கிறித்தவர்கள் கொதிக்கிறார்கள். 1744ஐயும் 1745ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசிய பக்தி நூல் எதுவும் என் கையில் அகப்படவில்லை.

அந்த முறையீட்டைக் கவனியுங்கள். பிரெஞ்சுப் புரட்சிக்கு இன்னும் நாற்பத்துநாலு வருஷம் இருக்கிறது. சமத்துவம் என்று கோஷம் போட அவர்கள் கையில் வேறு புத்தகம் கிடையாது. எந்த விசுவாசத்தைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுத்தார்களோ, அதையே எடுத்துக் கொடுத்தவர்களிடம் திருப்பிக் கேட்டார்கள். குறிப்பிடத்தைச் சபை ஒருவிதமாக வாசித்தது, சுவருக்கு அந்தப்பக்கம் இருந்தவர்கள் வேறுவிதமாக வாசித்தார்கள். இந்த இரண்டாவது வாசிப்பைத்தான் என் தோழர்கள் ‘மதம் ஒரு மயக்கம்’ என்று ஒரே வரியில் அழித்துவிடுகிறார்கள். அழித்தால் 1745இல் சுவரை இடிக்க வைத்தவர்களின் மூளையும் சேர்ந்து அழிகிறது.

சுவர் அத்தோடு தீரவில்லை. வடக்கன்குளத்தில் 1872இல் கோயிலையே இரண்டு கைகளாகப் பிரித்துக் கட்டினார்கள். 1910இல் நடுத்தடுப்பு இடிபட்டபோது சாதிக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2008இல் எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்களுக்கும் வன்னியக் கத்தோலிக்கர்களுக்கும் மூண்ட மோதல், துப்பாக்கிச் சூட்டில் முடிந்து இரண்டு உயிர் போனது. இந்திய ஆயர் பேரவை 2016இல்தான் தலித் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டு, சாதிப் பாகுபாட்டைப் பாவம் என்று சொன்னது. ‘குடிமை வழக்கம்’ பாவக் கணக்குக்குள் வந்துசேர ஏறக்குறைய நானூறு வருஷம்.

எங்கள் ஊர்ப்பக்கம் கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். ஒவ்வொரு ஊடையிலும் இரண்டையும் பிணைத்தாக வேண்டும். பிணைக்காவிட்டால் அது புடவை இல்லை, பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிற துண்டுகள். விசுவாச நூலையும் வரலாற்று நூலையும் இத்தனை காலம் நாம் துண்டுதுண்டாகத்தான் படித்துவந்திருக்கிறோம். பிணைத்துக் காட்டிய புத்தகங்கள் பலகைக்கு வெளியே இருந்து வந்தன. பாமாவின் ‘கருக்கு’ (1992), ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ (2002). இவற்றை இலக்கியம் என்று ஒதுக்கி வைக்காமல் திருச்சபை வரலாறாகவே படிக்கவேண்டும் என்கிறேன்.

அடுத்த நோபிலி விழா மலருக்குக் கட்டுரை எழுதுகிறவர்கள் 1606இலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். சுவர் முன்னால் நின்று கேட்டவர்களிடமிருந்து ஆரம்பிக்கட்டும். தோழர்கள் ஒருதடவை சின்னக் குறிப்பிடத்தைப் புரட்டட்டும். அதை மனப்பாடம் செய்தவர்கள் எல்லாரும் அடங்கிப்போகவில்லை.