ஒரு டிகிரி ஆட்டம்

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் அடிக்கடி கேட்பது: "சார், ரோபாட்டிக்ஸ் போகணும்னா பைத்தான் படிச்சா போதுமா?" தன் துறை ஒரு சுமை, அதை இறக்கிவைத்துவிட்டு கம்ப்யூட்டர் பக்கம் ஓட வேண்டும் என்ற முடிவை எடுத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். அது எவ்வளவு தூரம் சரி?

பாதி சரி. 2007 வாக்கில் தொடங்கிய ஆர்.ஓ.எஸ். என்ற இலவச மென்பொருள்தான் இன்று ரோபோ ஆய்வகங்களின் பொதுமொழி. லினக்ஸைத் திறக்கவே தயங்குகிறவரால் அங்கே ஒரு நாள் தாக்குப்பிடிக்க முடியாது. நம் பாடத்திட்டத்தின் மீதும் குறை உண்டு. மோட்டாரும் சென்சாரும் ஏதோ ட்ரிபிள்-ஈ காரர்களின் சொத்து என்பதுபோல அது ஒதுங்கியே நிற்கிறது.

மறுபாதிதான் தவறு. ரோபோக் கையின் மூட்டுகளைக் கணக்கிட இன்றும் பயன்படும் டெனாவிட்–ஹார்டன்பர்க் முறை 1955இல் வெளிவந்தது. யூனிமேட் என்ற முதல் தொழிற்சாலை ரோபோ வேலைக்கு வந்ததோ 1961இல். அதாவது, மாணவர்கள் அரியர் வைக்கும் அதே கைனமாடிக்ஸ்தான் ரோபோவுக்கு மூத்தது.

ப்ராஜெக்ட் கண்காட்சிகளில் தவறாமல் ஒரு அக்ரிலிக் கை இருக்கும். தோளில் 9 கிராம் எடையுள்ள நீலநிறக் குட்டி சர்வோ. கையின் நீளம் 30 செ.மீ., நுனியில் தூக்க வேண்டியது 200 கிராம் என்று வையுங்கள். கையின் சொந்த எடையை விட்டுவிட்டாலும் 6 கிலோ-செ.மீ. டார்க் வேண்டும். அந்த சர்வோ 4.8 வோல்ட்டில் தருவது சுமார் 1.8, அதுவும் மூச்சு முட்டி நின்றுபோகும் கட்டத்தில். கை நடுங்குகிறது. மாணவரோ லேப்டாப்பைத் திறந்து கோடிங்கைத் திருத்துகிறார்! பெரிய மோட்டார் போட்டாலும் தொல்லை தீராது. கியரில் ஒரு டிகிரி 'ப்ளே' இருந்தால் நுனியில் 5 மி.மீ. ஆட்டம். மென்பொருளால் கொஞ்சம் ஈடுகட்டலாம், ஆனால் ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவரால் மட்டுமே.

ஐஐடி மெட்ராஸ் மெக்கானிக்கல் துறையில் பிறந்த 'ஹோமோசெப்' கருவியைப் பாருங்கள். செப்டிக் டேங்கின் குறுகிய வாய்க்குள் குடைபோல மடங்கி இறங்கும் கத்திகள், உள்ளே விரிந்து சுழன்று, கெட்டிப்பட்ட கசடைக் கரைக்கின்றன. பிறகு அதை உறிஞ்சி எடுத்துவிடலாம், மனிதர் இறங்க வேண்டியதில்லை. அந்தக் குடை ஒரு மெக்கானிசம்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு ரோபோக் கை ரெடிமேடாகவே வந்துவிடுகிறதே, அங்கே நமக்கு என்ன வேலை என்பார்கள். கிரிப்பர், ஃபிக்ஸ்சர், செல் லேஅவுட், டீச் பெண்டன்ட், பி.எல்.சி. 'இதெல்லாம் ரோபாட்டிக்ஸா?' என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எண்ணெய்ப் பிசுக்கேறிய தகட்டை நழுவாமல் பிடிக்கும் கிரிப்பரைச் செய்து பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

வார இறுதிச் சான்றிதழ் வகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவற்றில் செய்யவைக்கும், கோட்டைத் தொடரும் வண்டியைப் பள்ளிப் பிள்ளைகளே ஓட்டுகிறார்கள். என்.பி.டி.இ.எல். பாடங்களைக் காசில்லாமல் பார்க்கலாம். மிச்சமாகும் பணத்துக்கு ரிச்சி தெருவில் ஒரு மோட்டாரும் என்கோடரும் வாங்கலாம்.

ஆகவே, துறையை விட வேண்டாம். பைத்தானோடு சி++, கன்ட்ரோல் இரண்டையும் மெக்கானிக்கலின் மேல் ஏற்றிக்கொள்ளுங்கள். கடைசி ஆண்டு ப்ராஜெக்டுக்கு முழு ரோபோ வேண்டாம், ஒரே ஒரு மூட்டு போதும். கியரை நீங்களே வரைந்து, பல் வெட்டி, பி.ஐ.டி. எழுதி, நூறு முறை ஓட்டி, நுனி எத்தனை மி.மீ. தவறுகிறது என்று அளந்து எழுதுங்கள். இன்டர்வியூவுக்குச் சான்றிதழ் கோப்போடு அந்த அளவுத் தாளையும் எடுத்துப்போங்கள். மேலே இருக்க வேண்டியது அந்தத் தாள்.