நாலு அடுப்பு, பத்துச் சமையல்

ஸ்பெயினில் உள்ள சாந்தியாகோ தெ கொம்போஸ்தேலாவுக்கு யாத்திரையாக நடப்பவர்கள் மத்தியில் சொந்தச் சமையலுக்கு இப்போது தனி மவுசு. உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் சுற்றுலாப் பயணியாம். வழியில் தங்கும் அல்பெர்கே விடுதியின் அடுப்பில் பாஸ்தா வேகவைப்பவர்தான் எளிமை காக்கும் யாத்திரிகராம். இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

செலவு குறைகிறது, உண்மை. அங்கே போகும் பாதைகளில் ஒன்றான பிரெஞ்சு வழி ஏறத்தாழ 780 கி.மீ. ஒரு மாதத்துக்கு மேல் இரவுதோறும் பத்துப் பதினைந்து யூரோ கொடுத்து 'யாத்திரிகர் சாப்பாடு' சாப்பிட எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. சைவக்காரர்கள் பாடு இன்னும் திண்டாட்டம். சாலட் கேட்டாலும் மேலே டூனா மீன் வந்து உட்காரும். அவர்கள் சமைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் மாலை ஏழு மணிக்கு அந்த அடுப்படியைப் பாருங்கள். நாலு அடுப்பு, அடி கறுத்த இரண்டு பானை, ஒரே வடிதட்டு. ஒருவர் அரைக் கிலோ பாக்கெட்டைப் பிரித்துத் தனக்கென்று இரண்டு பிடி பாஸ்தா போடுகிறார். காலையிலிருந்து அவரோடு பேசிக்கொண்டே நடந்து வந்தவர், அதே பாஸ்தாவை வேகவைக்க, அந்தப் பானை எப்போது காலியாகும் என்று நிற்கிறார். பின்னால் இன்னும் எட்டுப் பேர். மிஞ்சிய பாக்கெட்டை மறுநாள் சுமக்க மனமில்லாமல் அலமாரியில் விட்டுப் போகிறார்கள். அதற்குப் பகிர்வு என்று பெயரும் வைக்கிறார்கள். வேண்டாததை விட்டுப் போவதில் என்ன பகிர்வு இருக்கிறது?

கலீசியா மாநில அரசு விடுதிகள் பலவற்றில் அடுப்பு உண்டு, பாத்திரம் இருக்காது. அதற்காகத் தன் சட்டியையும் முதுகிலேயே சுமந்து வருகிறவர், வழியில் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாதவராகிவிடுகிறார். அதைத்தான் பெருமையாகப் பேசுகிறார்கள். யாத்திரை போகிறவருக்கு இது பெருமையா? மதியம் இரண்டு மணிக்குச் சாத்தும் கடை மாலை ஐந்துக்குத்தான் திறக்கும், ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் பூட்டு. அதனால் அவருடைய நடையையே கடை ஆள்கிறது. மெசேத்தா சமவெளியில் ஆள் குறைந்துபோன சிற்றூர்களில், நடப்பவர்களை நம்பியே திறந்திருக்கும் ஒரே உணவகத்தையும் வெங்காயப் பையோடு தாண்டிப் போகிறார்.

காசில்லை என்பவருக்கும் இந்த வழி இடம் வைத்திருக்கிறது. கிரான்யோன் ஊர்க் கோவிலை ஒட்டிய காணிக்கை விடுதியில் திறந்த பெட்டி ஒன்று உண்டு: முடிந்ததைப் போடலாம், தேவையானதை எடுத்துக்கொள்ளலாம். இரவு எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. காய் நறுக்க நாலு பேர், தட்டுக் கழுவ நாலு பேர். என்ன கிண்டினார்களோ அதைத்தான் சாப்பிட வேண்டும், பக்கத்தில் யார் உட்கார்ந்தாரோ அவரோடுதான் பேச வேண்டும். பெர்சியானோஸ், தொசாந்தோஸ் ஊர் விடுதிகளிலும் இதே வழக்கம்தான். தனிச் சட்டிக்காரர் ஊரிலிருந்து கொண்டுவந்த நாக்கை அப்படியே திரும்பக் கொண்டுபோகிறார்; அடுத்தவர் கையால் வாங்கிச் சாப்பிடும் கூச்சம் அவருக்கு வாய்ப்பதே இல்லை. அந்தக் கூச்சம் இல்லாத எளிமை வெறும் சிக்கனம்.

நகராட்சி விடுதிகளில் புது அடுப்பு வைப்பதற்கு முன் இருபது பேருக்கு வேகும் ஒரு பானை வாங்கி வைக்கட்டும். மாலை ஆறு மணிக்கு, யார் யார் சேருகிறீர்கள் என்று விடுதிப் பொறுப்பாளர் கேட்கட்டும். தன் பாக்கெட்டைத் தனியாக வேகவைத்தே தீருவேன் என்பவர், மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருக்கட்டும்.