மரம் தனியாகும் நேரம்

குறுந்தொகையைப் பாடமாகப் படித்தவர்களுக்கு வௌவால் ஒரு கருப்பொருள், அவ்வளவுதான். ‘மாலைப் பொழுதைக் குறிக்க வௌவால் வருகிறது’ என்று எழுதி ஒரு மார்க் வாங்கிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிருப்போம். நானும் அப்படித்தான் போனேன். ஆனால் அந்த வௌவால் கடிகார முள்ளின் வேலையை மட்டும் செய்யவில்லை என்று இப்போது படிக்கும்போது தோன்றுகிறது. பிரிவைப் பற்றிய பாட்டில் நம் பார்வை இயல்பாகவே போகிறவர் பின்னால் ஓடும். அதை இழுத்துப் பிடித்து, இருக்கிறவர் பக்கம் திருப்பி வைப்பது அந்த வௌவால்தான். இரண்டு பாடல்களை வைத்து இதைச் சொல்லிப் பார்க்கிறேன். ஒன்று கடியலூர் உருத்திரங்கண்ணனாருடையது (352), இன்னொன்று கச்சிப்பேட்டு நன்னாகையாருடையது (172).

முதலில், இன்றைக்கு நாம் வௌவாலைப் பார்க்கிற விதம். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தில் காங்கிரஸ் அவென்யூ பாலத்தை 1980இல் புதுப்பித்துக் கட்டினார்கள். அதன் அடியில் இருந்த குறுகலான இடுக்குகள் வௌவால்களுக்குத் தோதாக அமைந்துவிட்டன. கோடையில் சுமார் 15 லட்சம் வௌவால்கள் அங்கே தங்குகின்றன. ஆரம்பத்தில் ஊரே பயந்தது, விரட்டச் சொன்னது. இப்போது அந்தி நேரத்தில் பாலத்தின் மேலே கூட்டம், கீழே ஆற்றில் படகு நிறைய ஆட்கள். இந்த மாதிரிக் காணொளிகளை யூடியூபில் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் கேமரா வானத்தைத்தான் பார்க்கிறது. கறுப்புப் புகை மாதிரி கூட்டம் வளைந்து நெளிந்து போகும், கடைசி வௌவால் மறையும், வீடியோ முடியும்.

உருத்திரங்கண்ணனாரின் பாட்டு அந்த இடத்தில் முடியவில்லை. கூரிய நகமுள்ள அந்தப் ‘பறவை’ பலாமரச் சாரலை நினைத்துக் கிளம்புகிறது. பகல் முழுக்க அது தொங்கிக்கொண்டிருந்த முதுமரம் தனிமையில் வாடுகிறது. அந்த மாதிரியான சின்ன, புன்மையான மாலை என்று ஒன்று இருப்பதே அவரைக் காணாமல் இருக்கும் இந்த நாட்களில்தான் எனக்குத் தெரிகிறது, தோழி என்கிறாள் தலைவி. பாட்டு அவ்வளவுதான். வௌவால் போய்விட்டது, பார்வை மரத்திலேயே நின்றுவிட்டது.

இதில் ஓர் உவமையை விட்டுவிடக் கூடாது. வௌவாலின் சிறகு, ஆழமான நீரில் வளர்ந்த ஆம்பல் இலையின் புறப்பக்கம் மாதிரி இருக்கிறதாம். ஆம்பல் இலையைத் திருப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேல்பக்கம் வழுவழுவென்று பச்சையாக இருக்கும், அடிப்பக்கத்தில் நரம்புகள் விரல் விரித்த மாதிரி புடைத்துக்கொண்டு ஓடும். வௌவாலின் சிறகு உண்மையில் ஒரு கைதான். நீண்டுபோன விரல் எலும்புகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய தோல். மங்கிய வெளிச்சத்தில் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால்தான் அந்த எலும்பு வரிகள் தெரியும். ஆக, இந்த உவமையைச் சொன்ன ஆள் மரத்தடியில் நிற்கிறார். போகிறவர்களை வழியனுப்பிவிட்டு நிற்கிறவர் நிற்கும் அதே இடம்.

மரம் தனிமையில் வாடுகிறது என்பது தலைவி தன் மனசை மரத்தில் ஏற்றிச் சொல்வதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எனக்கு அதற்குப் பதில் புத்தகத்தில் கிடைக்கவில்லை, திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊர்க் கம்மாய்க்கரை ஆலமரத்தில் கிடைத்தது. அங்கே பழந்தின்னி வௌவால்கள் தொங்கும். ஒன்று ஒரு கிலோவைத் தாண்டும், சிறகை விரித்தால் நாலடிக்குக் குறையாது. பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகக் கைவிட்டு எழும்பும். அப்பத்தாவோடு கரையில் உட்கார்ந்திருந்தபோது அவள் வானத்தைப் பார்க்கவே இல்லை.

“இந்தா பாருய்யா, கெளை எந்திரிக்கிது. பாரம் எறங்கிருச்சுல்ல.”

“அதுக போயிட்டா மரத்துக்கு வெறிச்சுன்னு இருக்காதா அப்பத்தா?”

“வெறிச்சுன்னுந்தேன் இருக்கும். ரெண்டும் ஒண்ணுதேன்.”

ரெண்டும் ஒண்ணுதான் என்பது சாதாரணப் பேச்சு இல்லை. மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போன வீட்டில் ஒரு வாய் குறைகிறது, மாசம் கொஞ்சம் பணம் வருகிறது, கடன் இறங்குகிறது. வீடு நிமிர்கிறது. அதே வீட்டில் சாயங்காலம் விளக்கு போடும்போது யாரும் யாரையும் பார்ப்பதில்லை. பாரம் இறங்குவதும் வெறிச்சோடுவதும் ஒரே அசைவு, ஒரே கிளையில் நடப்பது. உருத்திரங்கண்ணனார் அதில் ஒரு பாதியைச் சொன்னார், அப்பத்தா மற்ற பாதியையும் சேர்த்துச் சொன்னாள். வானம் பார்த்த பூமிக்காரிக்கு அந்தப் பாதியை விட்டுவிட முடியாது.

நன்னாகையாரின் பாட்டு இன்னும் கடுமையானது. இங்கேயும் மாலையில் வௌவால்கள் பழமரத்தைத் தேடிப் போகின்றன. நாங்கள் இங்கே தனியாகக் கிடக்க, விட்டுப் போனவர் அங்கே தனியாக இருந்துகொண்டு இனிமையாக இருப்பாரா என்று தலைவி கேட்கிறாள். அப்புறம் வருகிறது அந்த உவமை. ஏழு ஊர் வேலைக்கும் சேர்த்து ஒரே ஊரில் வைத்த கொல்லன் உலைத் துருத்தி மாதிரி, ஓர் எல்லை தெரியாமல் வருந்துகிறது நெஞ்சு.

துருத்தியைப் படபடக்கும் நெஞ்சுக்கான உவமையாக மட்டும் படித்துவிட்டுப் போகிறோம். எனக்கு அது போதவில்லை. துருத்தி என்பது தோல். விரியும், சுருங்கும், காற்றைத் தள்ளும். பாட்டின் தொடக்கத்தில் பறந்துபோன வௌவாலின் சிறகும் தோல்தான், அதுவும் விரிந்து சுருங்கிக் காற்றைத் தள்ளுவதுதான். முதல் தோல் பறந்து போய்விடுகிறது. இரண்டாவது தோல் தரையில் கட்டப்பட்டு, போனவர்களுக்கும் சேர்த்து மூச்சு விடுகிறது. இருக்கிறவர் சும்மா இருக்கவில்லை, ஏழு ஊர் வேலை செய்துகொண்டிருக்கிறார். எங்கள் பக்கத்து ஊர்களில் கோயில் கொடைக்கு வரி பிரிப்பது, கிழவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, கம்மாய் மடையைப் பார்ப்பது, போனவன் நிலத்துக்கும் சேர்த்துக் காவல் இருப்பது எல்லாம் ஊரில் மிச்சமிருக்கிற நாலு பேர் தலையில்தான் விழுகிறது. அந்த நாலு பேரைப் பற்றிய இதைவிட நல்ல வரி நவீனத் தமிழில் எனக்குத் தெரிந்து இல்லை.

இங்கே ஓர் அறிவியல் ஆய்வைக் குறுக்கே கொண்டுவருகிறேன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவரோடு இருந்த ஆய்வாளர்களும் வௌவால்களின் உடல் கடிகாரத்தைப் பற்றி ஆராய்ந்து 1981இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது குகையில் வாழும், பூச்சி தின்னும் சின்ன வௌவால். நம் ஆலமரத்துப் பழந்தின்னி வேறு. வெளிச்சமே எட்டாத குகைக்குள் ஒரு வௌவாலைத் தனிக்கூண்டில் அடைத்து வைத்தார்கள். சுற்றிலும் இருந்த கூட்டம் வழக்கம்போல அந்தியில் வெளியே போய்த் திரும்பியது. கூண்டுக்குள் இருந்தது சூரியனைப் பார்க்கவில்லை. இருந்தும் அதன் படபடப்பு கூட்டம் கிளம்புகிற நேரத்தோடு ஒத்துப்போனது. வேறு வௌவாலே இல்லாத குகையில் தனியாக வைத்தபோது, அதன் கடிகாரம் தன்பாட்டுக்கு ஓடி, வெளி உலகத்துப் பொழுதிலிருந்து நாளுக்கு நாள் விலகிப்போனது.

பழைய புலவருக்கு இந்த விஞ்ஞானம் தெரியும் என்று நான் பெருமை பேசப் போவதில்லை. பாட்டைப் படிக்க இது எனக்கு உதவுகிறது, அவ்வளவே. 352இன் தலைவியும் மாலையைச் சூரியனை வைத்து அறியவில்லை. அவர் கூட இருந்த நாட்களிலும் பொழுது சாய்ந்துகொண்டுதான் இருந்தது, அவளுக்குத் தெரியவில்லை. போனவரை வைத்தே மாலை என்று ஒன்று அவளுக்கு உண்டாகிறது. கூண்டில் இருக்கிறவர்களுக்கு நேரம் சொல்வது கிளம்புகிறவர்கள்தான். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ராத்திரி சென்னை வண்டிகள் கிளம்புவதை வைத்துக் கடை எடுத்து வைக்கிறவர்களுக்கு இது புரியும்.

இந்த இரண்டு பாட்டிலும் வௌவால் திரும்பி வருவதில்லை. உண்மையில் விடிவதற்குள் அவை திரும்பிவிடும், அதே கிளையில் வந்து சண்டை போட்டுக்கொண்டு தொங்கும். மரத்தடியில் நின்று பார்த்த புலவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. அவர்கள் பாட்டை அந்தியிலேயே நிறுத்தியதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். திரும்பி வருவது உறுதி என்று ஆகிவிட்டால் இருத்தல் என்பது வெறும் காத்திருத்தல் ஆகிவிடும். அந்தியில் நிறுத்தினால்தான் இருத்தல் தன் முழுக் கனத்தோடு தெரியும்.

இன்று இணையத்தில் வரும் ஊர் நினைவுகளில் பெரும்பகுதியில் எனக்குக் குறையாகத் தெரிவது இந்தக் கனம். எழுதுகிற நாம் எல்லோரும் போனவர்கள். கரிசல் மண், பனங்கிழங்கு, அப்பத்தா கை மணம் என்று எழுதுகிறோம். நாம் கிளம்பிய பிறகு அந்தத் திண்ணையில் என்ன நடந்தது என்று எழுதுவதில்லை, ஏனென்றால் நாம் அங்கே இல்லை. நமது ஊரும் வீடியோ முடியும் இடத்திலேயே முடிந்துவிடுகிறது.

திருச்சுழி என்றதும் எல்லோரும் சொல்வது ரமணரை. 1879இல் அங்கே பிறந்தவர், 1896இல் மதுரை வீட்டைவிட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பினார், அப்புறம் திரும்பவே இல்லை. அந்தக் கிளம்பலைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் இருக்கின்றன. அவருடைய அம்மா அழகம்மாள் 1898இல் போய்க் கூப்பிட்டுப் பார்த்தார், மகன் வரவில்லை, அவர் இல்லாமலே திரும்பினார். 1916இல் அவரே மகனிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். நடுவில் இருந்த அந்தப் பதினெட்டு வருஷத்து மாலைகளைத்தான் குறுந்தொகைக்காரர்கள் எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அழகம்மாளுக்குக் கடைசியில் கிளம்ப முடிந்தது. மரத்துக்கு அது முடியாது. 352ஆம் பாட்டு மரத்தைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான்.