1950 உலகக் கோப்பையும் வெறுங்கால் துணுக்கும்

1950-இல் பிரேசிலில் நடைபெற்ற உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் இந்தியா ஆடாததற்குக் காரணம், வெறுங்காலுடன் ஆட ஃபிஃபா தடை விதித்ததுதான் என்பது தமிழில் நெடுங்காலமாக வழங்கும் துணுக்குச் செய்தி. அக்கால வீரர் எவரைப் பற்றிய குறிப்பாக இருந்தாலும் வாசகரை இழுக்க இதுவே முதல் வரியாக வைக்கப்படுகிறது. 1951 ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற அணியின் தலைவர் சைலேன் மன்னா இந்தக் காரணத்தைப் பிற்காலத்தில் மறுத்தார். அவரைப் பற்றிய குறிப்பிலேயே இது இடம்பெறுவதுதான் விந்தை.

கூற்றும் நிகழ்வும்

தகுதிச்சுற்றில் பர்மாவும் பிலிப்பைன்சும் விலகியதால் இந்தியாவுக்கு ஆடாமலேயே இடம் கிடைத்தது. இத்தாலி, சுவீடன், பராகுவே ஆகிய அணிகளுடன் ஒரே பிரிவில் சேர்க்கப்பட்டது. பின்னர் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு விலகிக்கொண்டது. நீண்ட கடற்பயணம், பயிற்சிக்குக் காலமின்மை, வீரர் தேர்வில் எழுந்த பிணக்குகள் என்பன காரணங்களாகக் கூறப்படுகின்றன. அன்று ஒலிம்பிக்கே பெரிது, உலகக் கோப்பை அவ்வளவு பெரிதல்ல என்ற எண்ணம் நிர்வாகிகளிடம் இருந்தது. இவற்றுள் எதுவும் ஒரு வரியில் அடங்குவதில்லை, வெறுங்கால் அடங்கிவிடுகிறது.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்திய வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். சிலர் பூட்ஸ் அணிந்திருந்தனர். ஆட்டம் 2-1 எனத் தோல்வியில் முடிந்தது. 1952 ஹெல்சிங்கியிலும் பூட்ஸ் இல்லாத இந்தியர்கள் களமிறங்கினர். யூகோஸ்லாவியா 10-1 என வென்றது. ஒலிம்பிக் கால்பந்தும் ஃபிஃபாவின் விதிகளின்படியே நடந்தது. 1948-லும் 1952-லும் ஆடிய கால்களுக்கு 1950-இல் மட்டும் தடை என்பது பொருந்தவில்லை. ஹெல்சிங்கித் தோல்விக்குப் பிறகு பூட்ஸைக் கட்டாயமாக்கியது இந்தியக் கூட்டமைப்பே.

தோல் வட்டாரத்திலிருந்து பார்க்கையில்

இத்துணுக்கு பரவும்போது இன்னொரு வால் முளைத்தது: பூட்ஸ் வாங்க இந்தியாவிடம் வசதி இல்லை என்பது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தின் வரலாற்றை அறிந்தவர் இதைக் கேட்டுச் சிரிக்கத்தான் வேண்டும். ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் சென்னை மாகாணத்திலிருந்து லண்டன் சந்தைக்குச் சென்றுகொண்டிருந்தது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைவீரர்களின் பூட்ஸ் மேற்பகுதிக்கு அத்தோல் தேவைப்பட்டதால் அரசே கொள்முதலைத் தன் கட்டுப்பாட்டில் வைத்தது. இந்திய அணி லண்டனில் வெறுங்காலுடன் ஆடிய அதே 1948-இல்தான் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. நாட்டில் தோலுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. 1970-களில் கச்சாத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்த பின்னர் இவ்வட்டாரம் டேனரிகளோடு நில்லாமல் ஷூ கம்பெனிகளுக்கும் மாறியது. இன்று ஆம்பூரில் தைக்கப்படும் காலணி ஐரோப்பியக் கடைகளில் விற்கிறது. தைப்பவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். அவர்களின் பிள்ளை பள்ளி வினாடி வினாவில் ‘காலணி இல்லாததால்’ என்று விடை சொல்லிப் பரிசு வாங்குவதும் நடக்கக்கூடியதே.

வெறுங்கால் ஆட்டத்தை இல்லாமையாக மட்டும் காண்பது வீரர்களுக்கும் நியாயம் செய்யாது. 1911-இல் மோகன் பகான், ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் பூட்ஸ் அணிந்த கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்றபோது அதன் வீரர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் வெறுங்காலினர். உலர்ந்த மைதானத்தில் பந்தைக் கட்டுப்படுத்த அதுவே வசதி என்பது அவர்களது பழக்கம். மழையில்தான் அது காலை வாரியது.

வேறு எதை முன்வைக்கலாம்

1948 அணியின் தலைவர் தாலிமெரென் ஆவ் ஒரு மருத்துவர், நாகா மலையைச் சேர்ந்தவர். நாங்கள் ஆடுவது கால்பந்து, நீங்கள் ஆடுவது பூட்ஸ்பந்து என்று அவர் விடையளித்ததாக ஒரு சொல் வழங்குகிறது. சுவையானதே. ஆனால் அவருடைய ஆட்டத்தைவிட நகைச்சுவையே அதில் மிஞ்சுகிறது. அதே ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெயர் அதனால் மறைந்தே கிடக்கிறது. விடுதலை பெற்ற இந்தியாவுக்கு ஒலிம்பிக்கில் கிடைத்த முதல் கோல் அது.

தமிழ் வாசகருக்கு இன்னும் நெருக்கமானவர் தஞ்சாவூர்க்காரரான சைமன் சுந்தரராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவிடம் 3-1 எனத் தோற்ற ஆட்டத்தில் இந்தியாவின் கோலை அடித்தவர். அதன் பின் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா ஆடவே இல்லை. ‘கடைசி கோல் ஒரு தமிழருடையது’ என்ற வரி கவர்ச்சியிலும் உண்மையிலும் நிற்கிறது. இதிலும் ஒரு குறை உண்டு. அந்த ‘கடைசி’ என்ற சொல் அவரது திறமையைவிடப் பின்வந்த பல்லாண்டுகளின் தேக்கத்தையே சுட்டுகிறது. 1973-இல் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அதன் பயிற்சியாளர் சுந்தரராஜ்தான். இது வரியாக மங்கலானது, எடுத்த எடுப்பில் யாரையும் நிறுத்தாது. ஆயினும் அவரைப் பற்றிய குறிப்பில் ரோம் கோலுக்கு அடுத்த வரியாக இது வர வேண்டும்.