வவுச்சர் எங்கே?

பி.காம். படித்தவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த எண்ணைக் காட்டினாலும் ‘வவுச்சர் எங்கே?’ என்பார்கள். சாஃப்ட்வேர்க்காரர்கள் ரொம்ப நம்புகிற ஓர் எண்ணைப் பற்றி அப்படிக் கேட்டுப் பார்க்கலாமா?

நீங்கள் தினமும் திறக்கும் வெப்சைட்டுகளில் அநேகமாக எல்லாவற்றிலும் ஜாவாஸ்கிரிப்ட் இருக்கிறது. அதை எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவதில்லை. தோசை மாவைக் கடையில் பாக்கெட்டாக வாங்குகிறோம் அல்லவா, அந்த மாதிரி யாரோ எழுதி இலவசமாக வைத்திருக்கும் துண்டுகளை எடுத்துக்கொள்கிறார்கள். பேக்கேஜ் என்று பெயர். அவற்றின் பெரிய கிடங்கு என்.பி.எம். 2010-ல் தொடங்கியது, 2020-ல் மைக்ரோசாஃப்ட்டுக்குச் சொந்தமான கிட்ஹப் வாங்கிக்கொண்டது.

கிடங்கில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் பக்கத்தில் ‘வாரத்துக்கு இத்தனை டவுன்லோடு’ என்று ஓர் எண் நிற்கும். புரோகிராமரின் கண் முதலில் போவது அங்கேதான். கூட்டம் இருக்கிற ஓட்டலில்தானே நாமும் நுழைகிறோம்!

சரி, வவுச்சர்? என்.பி.எம். நிறுவனமே 2014-ல் விளக்கம் கொடுத்தது. ஃபைல் ஒரு தடவை சர்வரை விட்டு வெளியே போனால் ஒரு டவுன்லோடு. வாங்கியது மனிதரா, மெஷினா என்ற விசாரணை கிடையாது. ஒரே கம்பெனியின் கம்ப்யூட்டர் சோதனைக்காக நாளைக்கு நூறு தடவை எடுத்தால் நூறு. கிடங்கை அப்படியே நகலெடுக்கும் ரோபோக்களும் இதில் சேர்த்தி. யாருமே உபயோகிக்காத பேக்கேஜுக்குக்கூட தினம் ஐம்பது வரை ஏறிவிடும் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். பத்திரிகைக்காரன் என்பதால் கேட்கிறேன்: விற்காமல் திரும்பி வந்த பிரதிகளையும் சர்க்குலேஷனில் சேர்த்துக் காட்டினால் விளம்பரதாரர் சும்மா விடுவாரா?

தேவையில் இருப்பது ஒன்று, திறமையில் இருப்பது வேறு. 2016 மார்ச்சில் ‘கிக்’ என்ற பெயர் யாருக்கு என்று ஒரு தகராறு. என்.பி.எம். அதே பெயருள்ள கம்பெனியின் பக்கம் சாய்ந்தது. அஸெர் கொச்சுலு என்ற புரோகிராமர் கோபித்துக்கொண்டு தன்னுடைய 250-க்கும் மேற்பட்ட பேக்கேஜுகளை வாபஸ் வாங்கிவிட்டார். அதில் ஒன்று லெஃப்ட்-பேட். மொத்தம் பதினோரு வரி. எழுத்துக்கு இடது பக்கம் பூஜ்யமோ காலியிடமோ நிரப்பும், அவ்வளவே. அது இல்லாமல் பெரிய பெரிய புரோகிராம்கள் தடுக்கி விழுந்தன. சில மணி நேரத்தில் அவரைக் கேட்காமலே திரும்ப வைத்துவிட்டார்கள்.

எண்ணுக்குப் பரிசு கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ‘டீ’ என்றொரு திட்டம், பேக்கேஜை எத்தனை பேக்கேஜுகள் சார்ந்திருக்கின்றன என்று பார்த்து, ரேங்க் போட்டு, எழுதியவருக்கு டோக்கன் தருவதாக அறிவித்தது. நல்ல எண்ணம்தான். இலவசமாக உழைக்கிறவர்களுக்கு நாலு காசு வரட்டுமே! வந்தது குப்பை. ஒன்றுக்கொன்று முதுகு சொறிகிற பேக்கேஜுகளை மெஷின் வைத்துத் தயாரித்துக் கொட்டினார்கள். 2025 நவம்பரில் அமேசான் ஆய்வாளர்கள் சொன்ன கணக்கு 1,50,000-க்கும் மேல்.

இதெல்லாம் கூடச் சிரித்துவிட்டுப் போகலாம். ‘ஈவென்ட்-ஸ்ட்ரீம்’ விஷயத்தில் சிரிப்பு வராது. வாரத்துக்கு ஏறத்தாழ 20 லட்சம் டவுன்லோடு. எழுதியவரோ அதைத் தானே உபயோகித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. சம்பளம் கிடையாது, சுவாரஸ்யமும் போய்விட்டது. 2018-ல் முன்பின் தெரியாத ஒருவர், ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று எழுத, சாவியைக் கொடுத்துவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பைசா வாங்காமல் வருஷக்கணக்கில் கோயில் விளக்கு ஏற்றியவர், இன்னொருவர் ஏற்றுகிறேன் என்றால் தீப்பெட்டியைக் கொடுக்கத்தானே செய்வார்? வந்தவர் உள்ளே இன்னொரு சின்ன பேக்கேஜைச் சொருகி, பிறகு அதில் திருட்டு கோடை வைத்தார். குறி, ‘கோபே’ என்ற பிட்காயின் பர்ஸ். அதிலும் நூறு பிட்காயினுக்கு மேல் வைத்திருப்பவர்கள்.

அந்தப் பேக்கேஜைக் கண்காணிக்க நம்மிடம் இருந்தது என்ன? அதே எண். கை மாறியதை அது சொல்லாது. விஷம் கலந்த பிரதியை எடுத்தாலும் ஒரு டவுன்லோடு கூடும். சமீப வருஷங்களில் ‘ஸ்கோர்கார்டு’ மாதிரியான முயற்சிகள் வந்திருக்கின்றன: பேக்கேஜைப் பராமரிக்கிறார்களா, ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்கிறாரா என்றெல்லாம் பார்த்துப் பத்துக்கு மார்க் போடும். பரவாயில்லை, கேள்வியாவது சரியான கேள்வி. ஆனால் விளக்கு ஏற்றுகிறவர் களைத்துப் போயிருக்கிறார் என்பதற்கு அதிலும் கட்டம் இல்லை.

ஈவென்ட்-ஸ்ட்ரீமைப் பிடித்துக்கொடுத்தது எந்தப் புள்ளிவிவரமும் இல்லை. ‘இந்த ஃபங்ஷன் பழசு, இனிமேல் உபயோகிக்காதீர்கள்’ என்று சிலருடைய திரையில் வந்துகொண்டிருந்த ஒரு வரி எச்சரிக்கை. நாமாக இருந்தால் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்போம். யாரோ ஒருவர் மட்டும், இது எங்கிருந்து வருகிறது என்று பேக்கேஜ் பேக்கேஜாகத் தோண்டிக்கொண்டே போனார்.