தாளில் விழும் துளையும் காட்டில் நிற்கும் மானும்

வேட்டைத் துப்பாக்கி விற்பவர்கள் இன்று வாடிக்கையாளருக்கு முதலில் காட்டுவது ஒரு தாளைத்தான். 100 மீட்டர் தொலைவில் மாட்டிய அந்தத் தாளில் 3 துளைகள். மூன்றும் 3 செ.மீ. வட்டத்துக்குள் அடங்கியிருக்கும். பின்லாந்தின் டிக்கா போன்ற நடுத்தர விலைத் துப்பாக்கிகள்கூட இந்த உத்தரவாதத்தோடுதான் தொழிற்சாலையை விட்டு வெளியே வருகின்றன. இரண்டு தலைமுறைக்கு முன் இதே துல்லியம் வேண்டுமென்றால், வாங்கிய துப்பாக்கியைத் தேர்ந்த கைவினைஞர் ஒருவரிடம் கொடுத்துக் குழலை மாற்றி, கட்டையைத் திரும்பப் பொருத்தி, பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

இது சாதனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மானின் உடலில் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதி குறைந்தது 20 செ.மீ. அகலம் இருக்கும். காட்டில் பெரும்பாலான வேட்டைகள் 200 மீட்டருக்குள் முடிந்துவிடுகின்றன. அவ்வளவு தூரத்துக்குச் சுமாரான பழைய துப்பாக்கியே போதும். தேவைக்கு மேல் கிடைத்த இந்தத் துல்லியத்துக்காக எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார்கள் என்று கேட்டால், கையால் இயக்கும் போல்ட் துப்பாக்கியின் கடந்த 75 ஆண்டு வரலாறு வேறு மாதிரி தெரியத் தொடங்குகிறது. தாளில் தெரிவதெல்லாம் மேம்பட்டது; தாளில் தெரியாதவை பின்தங்கின என்பது என் கணிப்பு.

எல்லாவற்றுக்கும் மூலம் ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃப் ஊரில் பிறந்த மவுசர் 98. பால் மவுசர் வடிவமைத்த அந்த ராணுவத் துப்பாக்கியை 1898இல் ஜெர்மானியப் படை ஏற்றது. கதவுத் தாழ்ப்பாளைத் தள்ளித் திருப்பிப் பூட்டுவதைப் போன்றதுதான் அதன் அடிப்படை இயக்கம். அந்தத் தாழ்ப்பாள் போன்ற எஃகுத் தண்டான போல்ட்டின் முன்முனையில் இரண்டு பூட்டுப் பற்கள். அவை உடைந்தாலும் தாங்கிக்கொள்ளப் பின்னால் மூன்றாவதாக ஒன்று. தோட்டாவின் பின்பகுதி வெடித்துக் காற்று பின்னோக்கிப் பாய்ந்தால் சுடுபவரின் முகத்துக்கு வராமல் பக்கவாட்டில் வெளியேறத் துளைகள். போல்ட்டின் பக்கத்தில் நீண்ட எஃகுக் கொக்கி ஒன்று. மேகசினிலிருந்து தோட்டா மேலெழும்பும்போதே அதன் விளிம்பைப் பற்றிக்கொள்ளும் இந்தக் கொக்கி, வெற்றுத் தோட்டாவை வெளியே எறியும் வரை பிடியை விடாது. பதற்றத்தில் போல்ட்டைப் பாதி தள்ளிவிட்டு மறுபடி இழுத்தாலும் தோட்டா அதனோடு திரும்பி வந்துவிடும். வழியில் சிக்கி நிற்காது.

இவற்றையெல்லாம்விட நான் பெரிதாக மதிப்பது அதன் பாதுகாப்புத் தாழை. அது விசையைத் தடுப்பதில்லை. தோட்டாவைக் குத்தும் ஊசியையே பின்னுக்கு இழுத்துப் பிடித்து நிறுத்துகிறது. விசை அமைப்பில் என்ன கோளாறு நேர்ந்தாலும் ஊசி அசையாது. தாழை நடுநிலையில் வைத்தால் ஊசி பூட்டப்பட்ட நிலையிலேயே போல்ட்டைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்துவிடலாம்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த இயந்திரம் அறிமுகமில்லாதது அல்ல, பெயர்தான் வேறு. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக 1907இல் ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசளித்த .275 ரிக்பி, லண்டனில் ஜான் ரிக்பி நிறுவனம் மவுசர் இயக்கத்தின் மேல் கட்டிய துப்பாக்கி. (நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்த வேட்டைக் காலம் முடிந்தது, முடிந்ததில் எனக்கு வருத்தம் இல்லை.) புதர் மறைவிலிருந்து பாயக்கூடிய விலங்கைத் தேடிப் போகிறவருக்கு, 100 மீட்டரில் எத்தனை செ.மீ. என்பதைவிட அடுத்த தோட்டா சிக்காமல் ஏறுமா என்பதே முதல் கேள்வி. மவுசர் அந்தக் கேள்விக்குப் பதிலாகப் பிறந்தது.

அதை வழிபடத் தேவையில்லை. முழு எஃகுக் கட்டியைக் கடைந்து கடைந்து செய்ய வேண்டியிருந்ததால் செலவு கூடியது. மேலே நிமிரும் பாதுகாப்புத் தாழும் நேராக நீட்டிய கைப்பிடியும் ஸ்கோப் பொருத்தினால் அதில் இடித்தன. ஊசி கனமானது என்பதால், விசையை இழுத்த பிறகு அது போய்க் குத்துவதற்குச் சற்று நேரம் பிடித்தது. அதற்குள் கை ஆடிவிடலாம். இந்தக் குறைகளை நன்றாகத் தீர்த்தது 1936இல் வந்த அமெரிக்காவின் வின்செஸ்டர் 70. கொக்கியை அப்படியே வைத்துக்கொண்டு, ஸ்கோப்புக்கு இடம் விட்டு, எளிய விசை ஒன்றைத் தந்தது. பாதுகாப்புத் தாழைப் படுக்கைவாட்டில் நகர்த்தும் வடிவம் போருக்குப் பிறகு நிலைபெற்றது. 1964இல் செலவைக் குறைக்க நிறுவனம் கொக்கியை நீக்கியது. கட்டையில் கையால் செதுக்கிய வேலைப்பாட்டுக்குப் பதில் அச்சில் அழுத்திய பொய்க்கோலம் போட்டது. வேட்டைக்காரர்கள் கொதித்தார்கள். 64க்கு முந்தைய துப்பாக்கிகளின் விலை இன்றுவரை இறங்கவில்லை. 1990களில் நிறுவனமே கொக்கியைத் திரும்பக் கொண்டுவந்தது.

வின்செஸ்டரை அந்த முடிவுக்குத் தள்ளிய போட்டியாளர் ரெமிங்டன். 1948இல் வந்த 721, 722 மாதிரிகளும் 1962இல் அவற்றிலிருந்து பிறந்த 700ம், உற்பத்தியை அறிந்த பொறியாளரின் படைப்புகள். போல்ட் ஓடும் கூடான ரிசீவர் மவுசரில் சிக்கலானது; அதற்குப் பதிலாக உருளை எஃகைக் கடைந்த எளிய குழாய். பின்னுதையைத் தாங்கும் தகட்டைத் தனியாகச் செய்து, குழலுக்கும் ரிசீவருக்கும் இடையே செருகிவிட்டார்கள். தோட்டாவின் பின்புறத்தைப் போல்ட்டின் முகம் முழுவதுமாகச் சூழ்ந்துகொள்ளும். ஒரு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு அழுத்தம் தரும் .30-06 போன்ற தோட்டாக்களுக்கு இது மவுசரைவிட உறுதியான காப்பு. நீண்ட கொக்கி போய், போல்ட்டின் முகத்துக்குள்ளேயே சிறிய வளைதகடு வந்தது. தோட்டாவை இப்போது போல்ட் பிடித்துக் கொண்டுபோவதில்லை, தள்ளிக்கொண்டு போகிறது. பாதியில் நிறுத்தி இழுத்தால் தோட்டா உள்ளேயே கிடக்கும். அடுத்த தோட்டா வந்து அதன் பின்னால் முட்டும். மான் வேட்டையில் இது பெரிய குறையில்லை. உருளை ரிசீவரை நேராகக் கடைவது எளிது. நேராக இருந்தால் துல்லியம் தானாக வரும். அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையும் ராணுவமும் குறிசுடுநர்களுக்குத் தந்த எம்40, எம்24 இரண்டும் இதே இயக்கத்தில் அமைந்தவை.

கோளாறு விசையில் இருந்தது. அதை வடிவமைத்த மைக் வாக்கர், பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளில் பெயர் பெற்றவர். மேசையில் துப்பாக்கியைத் தாங்கி வைத்து, தாளில் எவ்வளவு சிறிய கூட்டமாகச் சுடலாம் என்று பார்ப்பதுதான் அந்தப் போட்டி. அதற்கு ஏற்றதுபோல் விசையும் கண்ணாடி உடைவதுபோல் பட்டென்று விடுபடும். அந்தச் சுத்தமான விடுபடலுக்காக, விசைக்கும் அது தாங்கி நிற்கும் உறுப்புக்கும் இடையே தனித் தகடு ஒன்றை வைத்தார். அது எதனோடும் பிணைக்கப்படாமல் சுருள்வில்லின் தள்ளலில் மட்டுமே நிற்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் தகடு விசையிலிருந்து விலகி, மறுபடி வந்து சேர வேண்டும். இடையில் தூசியோ உறைந்த எண்ணெயோ புகுந்தால் அது முழுதாக வந்து சேராது. விளைவு: பாதுகாப்புத் தாழை விடுவித்தாலோ போல்ட்டைத் தொட்டாலோ, விசையில் விரலே படாமல் துப்பாக்கி சுட்டுவிடலாம்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. 1982 வரை இந்தத் துப்பாக்கியின் பாதுகாப்புத் தாழ் போல்ட்டையும் பூட்டியது. உள்ளே இருக்கும் தோட்டாவை எடுக்க வேண்டுமானால் முதலில் தாழை ‘சுடு’ நிலைக்குத் தள்ளியாக வேண்டும். வீட்டு வாசலில், வண்டிக்கு அருகில், குழந்தைகள் நிற்கும் இடத்தில், துப்பாக்கியைக் காலி செய்கிற அந்த நொடியில்தான் அது மிக ஆபத்தான நிலைக்கு வருகிறது. 1948இலேயே வாக்கர் ஒரு திருத்தத்தை முன்மொழிந்தார் என்பதும், அதன் செலவு துப்பாக்கிக்கு ஐந்தரை சென்ட் என்பதும் பின்னாளில் வெளிவந்த நிறுவன ஆவணங்களிலிருந்து தெரிந்தன. 2010இல் சிஎன்பிசி தொலைக்காட்சி இந்த விசையோடு தொடர்புபடுத்தப்பட்ட விபத்துகளையும் வழக்குகளையும் ஆவணப்படமாக்கியது. 2014இல், வாக்கர் விசைக்குப் பதிலாக வந்த புதிய விசையையும் திரும்பப் பெற வேண்டியிருந்தது. அதில் ஒட்டுப்பொருள் அளவுக்கு மீறிப் பூசப்பட்டிருந்தது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்த கூட்டு வழக்கு உடன்பாடு ஏறத்தாழ 75 லட்சம் துப்பாக்கிகளைத் தொட்டது. வடிவமைப்பில் குறை உண்டு என்று நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இலவசமாக விசையை மாற்றித்தர இசைந்தது.

தாளைப் பார்த்தால் இது மிகச் சிறந்த துப்பாக்கி. அதுதான் சிக்கலே. தாளில் நல்ல மதிப்பெண் வாங்கித் தந்த உறுப்பே காட்டிலும் வாசலிலும் ஆளைக் கொல்லக்கூடியதாக இருந்தது.

துல்லியத்துக்கும் பாதுகாப்புக்கும் பகை இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. 1958இல் வந்த சாவேஜ் 110, குழலைப் பெரிய மரை ஒன்றால் இறுக்கும் எளிய உத்தியால் மலிவாகவே துல்லியம் தந்தது. அதே நிறுவனம் 2000களின் தொடக்கத்தில் விசையின் நடுவே மெல்லிய தகடு ஒன்றை வைத்தது. விரல் அந்தத் தகட்டை முதலில் அழுத்தினால்தான் விசை முழுதாக வேலை செய்யும். துப்பாக்கி கீழே விழுந்த அதிர்ச்சியில் உறுப்புகள் நழுவினாலும் தகடு பிடித்து நிறுத்திவிடும். இழுவையோ மிக இலேசு. எளிதாகவும் பத்திரமாகவும் விசையை அமைக்க முடியும் என்று ஒரு மலிவுத் துப்பாக்கி காட்டிய பிறகு, மற்றவர்கள் அதைப் பின்பற்றினார்கள். 2012இல் கடைக்கு வந்த ரூகர் அமெரிக்கனிலும் அதே மாதிரித் தகடு உண்டு.

இன்னும் ஒரு படி மேலே போனது ஜெர்மனியின் பிளேஸர். 1993இன் ஆர்93லும் 2008இன் ஆர்8லும் பாதுகாப்புத் தாழ் என்பதே கிடையாது. தோட்டா உள்ளே இருந்தாலும் ஊசியின் வில் முறுக்கப்படாமலே கிடக்கும். சுடப்போகும் கணத்தில் கட்டைவிரலால் முன்னே தள்ளினால்தான் முறுக்கேறும். சுடவில்லையா, அதே விரலால் தளர்த்திவிடலாம். மவுசர் முறுக்கேறிய ஊசியைப் பிடித்துவைத்தார். பிளேஸர் முறுக்கையே எடுத்துவிட்டது. கடந்த நூறாண்டில் இந்தத் துறையில் வந்த ஆகச் சிறந்த யோசனை இதுதான் என்பேன். விலையோ சாவேஜைவிடப் பல மடங்கு. அந்த யோசனை மலிவுத் துப்பாக்கிக்கு இறங்கி வராததற்குப் பொறியியல் காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

விலை குறையும்போது எது முதலில் வெட்டப்படுகிறது என்பதற்கு டிக்காவே உதாரணம். 2003இல் வந்த டிக்கா டி3இன் ஒரே நீள ரிசீவர் எல்லாத் தோட்டாக்களுக்கும் பொருந்தும், போல்ட் வழுக்கிக்கொண்டு ஓடும், குழல் அருமை. அதே ஆலையில் பிறந்த, கூடுதல் விலையுள்ள சாகோ 85இல், பாதுகாப்புத் தாழ் பூட்டிய நிலையிலேயே போல்ட்டைத் திறக்கச் சிறு பொத்தான் ஒன்று உண்டு. டிக்காவில் அது இல்லை. தாழ் போல்ட்டையும் சேர்த்துப் பூட்டுகிறது. தோட்டாவை எடுக்கத் தாழை விடுவிக்கத்தான் வேண்டும், 1982க்கு முந்தைய ரெமிங்டனைப் போலவே. டிக்காவின் விசை நம்பகமானது என்பதால் இது அதே ஆபத்து இல்லை. ஆனாலும் குழலுக்கு உத்தரவாதம் தந்த நிறுவனம் ஒரு பொத்தானை மிச்சப்படுத்தியிருக்கிறது.

பிளாஸ்டிக் கட்டையைப் பற்றிப் பழமைவாதிகள் அழுது தீர்த்துவிட்டார்கள். மரம் ஈரத்தில் உப்பி வளைந்து குழலை அழுத்தும்; பிளாஸ்டிக் அப்படிச் செய்யாது. மலிவு ரகங்களின் முன்பகுதி மட்டும் கையால் அழுத்தினால் வளைந்து குழலைத் தொட்டுவிடுகிறது. வாங்குமுன் அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

குழலின் உள்ளே வெட்டிய சுழல்வரிகளில் நேர்ந்த மாற்றத்துக்கு நியாயமான காரணம் உண்டு. ஈயக் குண்டுகளின் சிதறலைத் தின்று கழுகுகள் நஞ்சேறிச் சாவதால், கலிபோர்னியா 2019 ஜூலை 1 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயத்தைத் தடைசெய்தது. மாற்றாக வரும் செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதே எடைக்குக் குண்டு நீளமாகிறது. நீளமான குண்டு தடுமாறாமல் பறக்க வேகமாகச் சுழல வேண்டும். 1925இன் .270 வின்செஸ்டர் குழல்கள் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 2007இல் ஹார்னடி கொண்டுவந்த 6.5 கிரீட்மோர் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று.

ஆனால் இந்தச் சுழற்சியோடு நீண்டதூர மோகமும் ஒட்டிக்கொண்டு வந்தது. 600 மீட்டருக்குக் குண்டு போய்ச் சேர முக்கால் நொடிக்கு மேல் ஆகும். தாள் அசையாது. மான் அதற்குள் ஓர் அடி எடுத்துவைத்திருக்கும்; நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் பாயும். தியோடர் ரூஸ்வெல்ட் 1887இல் தொடங்கிவைத்த பூன் அண்ட் கிராக்கெட் சங்கமே, விலங்கால் ஆளை உணர முடியாத தொலைவிலிருந்து சுடுவது நேர்மையான வேட்டையாகாது என்ற நிலைப்பாட்டை எடுத்திருக்கிறது. எவ்வளவு நல்ல குழலாலும் அந்த முக்கால் நொடியைச் சுருக்க முடியாது.

3 செ.மீ. வட்டத்துக்கு எழுத்தில் உத்தரவாதம் தருகிற நிறுவனங்கள், போல்ட்டைப் பூட்டாமல் ஊசியைப் பூட்டும் தாழையும் அதே விலைக்குத் தர முடியும். வாங்குபவர்கள் கடையில் தாளை ஒதுக்கி வைத்துவிட்டு, தாழ் பூட்டியிருக்கும்போதே உள்ளிருக்கும் தோட்டாவை எடுக்க முடியுமா என்று முதலில் கேட்கட்டும்.